இடப்பக்கம் இழுக்கும் வண்டி

கீழே விழுந்த மனிதன் முதலில் தன் உடம்பைத்தான் தடவிப் பார்த்துக்கொள்வான் என்று நான் நினைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை காலை, பட்டாபிராமுக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை ஓரத்து மணலில் இடப்பக்கமாகச் சரிந்து விழுந்தபோது நான் முதலில் பார்த்தது வண்டியைத்தான். காரணம் எளியது. உடம்பு என்னுடையது; வண்டி லோகேஷுடையது.

லோகேஷ் எங்கள் குடியிருப்பில் எனக்கு நேர் மேல்வீட்டுக்காரர். ஆவடியில் உள்ள பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் நான் தர ஆய்வாளராக இருக்கிறேன். அவர் அங்கேயே ஃபிட்டர். வயது முப்பதுகூட நிரம்பவில்லை. திருநின்றவூர் ஏரிக்கு அப்பால் நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம். மறுநாள் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பத்து மாதமே ஆன பெண் குழந்தைக்கு முடி இறக்குவதற்காக அவரும் அவர் மனைவி கார்த்திகாவும் விடியற்காலையில் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு இதே வண்டியில் புறப்படுவதாக இருந்தார்கள். முந்தின நாள் மாலை நான் மாடிப்படி ஏறிச் சென்று, ரயில் தண்டவாளப் பராமரிப்பு காரணமாகக் காலையில் மின்சார ரயில்கள் ஓடாது என்பதையும், வேப்பம்பட்டில் நடமாட முடியாமல் இருக்கும் ஓய்வுபெற்ற நண்பர் பால்ராஜிடம் ஓய்வூதியப் படிவத்தில் கையொப்பம் வாங்க வேண்டியிருப்பதையும், என் ஸ்கூட்டர் பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டிருப்பதையும் வரிசையாக விளக்கிக்கொண்டிருந்தேன். நான் கேட்கவேண்டியதைக் கேட்பதற்குள் சாவி என் கையில் இருந்தது.

"இன்னா சார், ஒரு சாவி வாங்கறதுக்கு இவ்ளோ கதையா? எட்த்துகினு போங்க சார். நாளைக்கு சாய்ந்தரம் அஞ்சு அஞ்சரைக்குள்ள குட்த்தா போதும். ஞாயித்திக்கெழம அம்மா கோயிலு."

அவ்வளவு தாராளமாகக் கொடுக்கப்பட்ட வண்டி அது.

காலையில் குடியிருப்பின் வாயிலைத் தாண்டியதுமே ஒன்றைக் கவனித்தேன். வண்டி மெல்ல இடப்பக்கம் போகப் பார்த்தது. கைப்பிடியை ஓர் அவிழ்ந்த கன்றுக்குட்டியைப் போல வலப்பக்கம் இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டியிருந்தது. பழக்கமில்லாத வண்டி, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பிப் போய் அவரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் மனமுவந்து கொடுத்த பொருளில் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பிறர் வீட்டில் காபி கொடுத்தால் சர்க்கரை குறைவு என்று சொல்லமாட்டோம் அல்லவா, அதைப்போல. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். பின்னால் இது முக்கியமாகிறது.

படிவம் கையொப்பமாகித் திரும்பும்போது, எனக்கு முன்னால் சென்ற ஷேர் ஆட்டோ கைகாட்டிய ஒருவருக்காகத் திடீரென்று நின்றது. நான் பிரேக்கைப் பிடித்தேன். முன் சக்கரம் இடப்பக்கம் திரும்பிக்கொண்டது. அடுத்த கணம் மணல்.

எங்கிருந்தோ இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் என்னைத் தூக்கினார், மற்றவர் வண்டியைத் தூக்கினார்.

"அடி பட்ச்சா சார்? கைய காட்டு. தோலுதான் போய்கீது. ஒன்னும் ஆவல."

"வண்டிக்கு?" என்று கேட்டேன்.

"வண்டிக்கு இன்னா சார், கல்லு மாதிரி கீது. ஹேண்டில்தான் கோணிக்கிச்சு. இரு."

அவர் முன்சக்கரத்தைத் தம் இரண்டு முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, கைப்பிடியை இரு கைகளாலும் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். கடக்கென்று ஒரு சத்தம். கைப்பிடி நேராக நின்றது. நம் சாலைகளில் விழுந்த எந்த வண்டிக்கும் கிடைக்கும் முதலுதவி அதுதான். வைத்தியம் பார்த்தவர் பெயர்கூடத் தெரியாது. நான் இரண்டு பேருக்கும் மூன்று முறை நன்றி சொன்னேன்.

"தேங்க்ஸ்லாம் இருக்கட்டும் சார், ரோட்ட வுட்டு ஓரமா நில்லு. இன்னொருத்தன் வந்து இட்ச்சிடப் போறான்."

இடப்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. இன்டிகேட்டர் ஒயரில் தொங்கியது. கிளட்ச் லீவரின் முனை வளைந்திருந்தது. லெக் கார்டில் நீளமாக ஒரு சிராய்ப்பு. சிவப்பு டேங்கின் பக்கவாட்டில், என் சுண்டுவிரல் அளவுக்கு வண்ணம் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டில் ஐந்தையும் எழுதிக்கொண்டேன். எழுதும்போது உள்ளங்கை எரிந்தது. மணி பத்தே கால். ஐந்தரை மணிக்குள் ஐந்தும் சரியாக வேண்டும். சரியானது என்று ஒருவருக்கும் தெரியவும் கூடாது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அப்போது என் எண்ணம் முழுவதும் இவ்வளவுதான்.

பட்டாபிராம் ரயில் நிலையத்துக்குப் போகும் திருப்பத்தில் கஜபதி என்பவரின் மெக்கானிக் ஷெட் இருக்கிறது. தகரக் கூரை, வாசலில் ஒரு புங்கமரம், பக்கத்தில் பூங்காவனம் என்ற அம்மாளின் தேநீர்க் கடை. கஜபதிக்கு ஐம்பது வயதிருக்கும். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததுமே ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"உழுந்தியா சார்?"

"லேசாகச் சரிந்துவிட்டது."

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்கோ. பூங்காவனம், சாருக்கு ஒரு தண்ணி குடு."

நான் குறிப்பேட்டிலிருந்து ஐந்து இனங்களையும் படித்துக் காட்டினேன். பிறகு, கூச்சத்தோடு, ஒரு வேண்டுகோளும் வைத்தேன். புதிய கண்ணாடி போட்டால் அது பளபளவென்று தெரியும்; வலப்பக்கக் கண்ணாடியோ பழையது. ஆகையால் புதியது புதியதாகத் தெரியாதபடி ஏதாவது செய்ய முடியுமா?

கஜபதி கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா ஷெட்டு வெச்சிகீறேன் சார். பழச புச்சா காட்டுன்னு கேட்டு வர்றவன் ஆயிரம் பேரு. புச்ச பழசா காட்டுன்னு கேட்ட மொத ஆளு நீதான்."

"வண்டி என்னுடையது இல்லை."

"அதான பார்த்தேன். சொந்த வண்டிக்கு ஒருத்தனும் இப்டி வேர்க்க மாட்டான்."

பூங்காவனம் தண்ணீர்க் குவளையை நீட்டியபடி, "யாரு வண்டி, மாமனார் வண்டியா?" என்று கேட்டார். மேல்வீட்டுக்காரருடையது என்றேன். "அய்ய, அது இன்னும் மோசம். மாமனாரு வருஷத்துக்கு ரெண்டு வாட்டிதான் வருவாரு. இவரு தெனம் மூஞ்சில முழிப்பாரு" என்றார்.

எதிரே உள்ள உதிரிபாகக் கடைக்கு நானே சென்று கண்ணாடி, இன்டிகேட்டர், லீவர் மூன்றையும் வாங்கினேன். டேங்கில் பூசுவதற்காகக் கடைக்காரர் ஒரு சிறிய புட்டியில் சிவப்பு வண்ணம் கொடுத்தார். மூடியிலேயே தூரிகை பொருத்தியது, பெண்கள் நகப்பூச்சுப் புட்டியைப் போல. அதை மட்டும் உடையாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு மணிக்குள் மூன்று பொருள்களும் பொருந்திவிட்டன. புதிய கண்ணாடியின் பின்புறத்தில் கஜபதி கிரீஸும் மண்ணும் கலந்து தடவி, துணியால் துடைத்தார். உண்மையிலேயே இரண்டு வருடப் பழையதாகிவிட்டது. எனக்கு மூச்சு சற்று சீரானது. அப்போது கைபேசி ஒலித்தது. லோகேஷ்.

எங்கள் தொழிற்சாலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வாயிலில் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். அன்று எனக்கு விடுப்பு; அவர் வேலையிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்து பேசியிருக்கிறார்.

"சார், வேல முட்ஞ்சிதா? வண்டி ஒன்னும் தொந்தரவு குடுக்கலியே?"

"இல்லை, இல்லை. மிகவும் நன்றாக இருக்கிறது."

"நல்லா கீதா?" அவர் குரலில் ஏதோ ஆச்சரியம் இருந்ததுபோல் தோன்றியது. "சரி சார். வரும்போது பெட்ரோலு மட்டும் பார்த்துக்கோங்க. நாளைக்கி நாலு மணிக்கே கெளம்பணும். கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். நான் உள்ள போறேன், இனிமே அஞ்சு மணிக்குத்தான் போன் எடுப்பேன்."

பேசி முடித்தபோது கஜபதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மிகவும் நன்றாக இருக்கிறது" என்று என்னைப் போலவே சொல்லிப் பார்த்தார். "நியூஸ் வாசிக்கிறவன் மாதிரியே பொய் சொல்ற சார் நீ."

அவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க எடுத்துச் சென்றார். ஐந்து நிமிடத்தில் திரும்புவார் என்று நினைத்தேன். பதினைந்து நிமிடம் ஆனது. திரும்பியபோது அவர் முகத்தில் கேலி இல்லை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டுவிட்டு, எதிரே குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன்சக்கரத்தையே பார்த்தார்.

"கைய வுட்டா லெஃப்ட்ல போவுது சார்."

"காலையிலும் போனது" என்றேன். வாய்தவறி வந்துவிட்டது.

"காலைலன்னா? உழறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னால். வீட்டிலிருந்து புறப்பட்டபோதே."

அவர் வண்டியின் பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். முன்சக்கரம் தரையிலிருந்து எழும்பியது. கைப்பிடியை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பினார். ஓரிடத்தில் தயங்கி, பிறகு திரும்பியது. இன்னொரு முறை. அதே இடத்தில் அதே தயக்கம். பிறகு, சக்கரத்தை இரு பக்கமும் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் இடப்பக்கத்துக் குழாயை மூடியிருந்த ரப்பர் உறையைக் கீழே இறக்கிவிட்டு, துணியால் துடைத்தார்.

"வெரல வெச்சுப் பாரு சார்."

வைத்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இரும்பைத் தொட்டுச் சம்பளம் வாங்கும் விரல் இது. மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தபோது, கிளாம்ப் பிடிப்புக்கு இரண்டு அங்குலம் கீழே குழாய் பின்னோக்கி மெல்ல வளைந்திருந்தது. வளைவின் உட்புறத்தில் பளபளப்புப் பூச்சு நொறுங்கி, மெல்லிய கோடுகளாகப் பிளந்திருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அருகில் குனிந்து பார்த்தேன்.

கோடுகளுக்குள் துரு இருந்தது.

காலையில் பிளந்த இரும்பு வெள்ளையாக மின்னும். மதியத்துக்குள் துருப்பிடிக்காது. இந்தத் துரு இளஞ்சிவப்புத் தூள் அல்ல. கரும்பழுப்பாக உள்ளே இறங்கி, விரல் நகத்தால் சுரண்டினாலும் வராத துரு. குறைந்தது இரண்டு மாத மழையையும் புழுதியையும் பார்த்தது. அதைவிட, கோடுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைப்போல் பூச்சோடு நிற்கவில்லை. நகம் அதில் மாட்டியது.

"இது இன்னிக்கு ஆன வேல இல்ல சார்" என்றார் கஜபதி. "யாரோ முன்னாடியே நல்லா உழுந்து, ரோட்லயே முட்டில வெச்சி ஹேண்டில திருப்பிகினு போய்கீறான். அதோட வுட்டுட்டான். மேல கிளாம்பு போல்ட்டு பாரு, தல தேஞ்சிகீது. இப்ப நீ உழுந்ததே இதனாலதான். பிரேக்கு புட்ச்சா இந்தப் பக்கம் இறங்காது, அந்தப் பக்கம் இறங்கும். இழுக்காம இன்னா பண்ணும்?"

பிறகு எழுந்து நின்று என் தோளில் தட்டினார். "தப்பிச்ச சார் நீ! உன் தப்பே இல்ல. டேங்குல கலர வெச்சிட்டு, கொண்டும்போய் சாவிய குடுத்துட்டு, போய்கினே இரு."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பின்னிருக்கையில் கார்த்திகா பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பதும், அவர் மடியில் அந்தக் குழந்தை இருப்பதும், விடியற்காலை இருட்டில் எதிரே ஒரு லாரி வருவதும் என் கண்முன் வந்தன. லோகேஷ் பிரேக் பிடிப்பார்.

"இதை இப்போதே மாற்ற முடியுமா?"

"கொழாய் இங்க கெடைக்காது. டவுன்லேர்ந்துதான் வரணும். நாளைக்கி ஞாயிறு. திங்கக்கெழமதான்."

"லேத்தில் நிமிர்த்திக்கொண்டால்?"

"அம்பத்தூர்ல நிமித்துவான். விரிசல் வுட்டத நிமித்தினா ஒடஞ்சிடும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். 

நான் கைபேசியை எடுத்து லோகேஷுக்கு ஒரு செய்தி எழுத முயன்றேன். 'அன்புள்ள லோகேஷ், வணக்கம். தங்கள் வண்டியில் முன்பே ஒரு சிறு குறை இருந்திருக்கக்கூடும் என்று' வரை எழுதி அழித்தேன். உனக்கு விழாமல் ஓட்டத் தெரியவில்லை, பழியை என் வண்டிமேல் போடுகிறாயா என்றுதான் எவரும் நினைப்பார்கள். இரண்டாவது முறை, 'நான் வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன், மன்னிக்கவும்' என்று தொடங்கினேன். அப்படியானால் மதியம் சொன்னது பொய் என்றாகும். மூன்றாவது முறை, 'நாளை பேருந்தில் செல்வது நல்லது என்று பணிவுடன்' என்று எழுதியபோது, அது அண்டைவீட்டார் விவகாரத்தில் தலையிடுவதாகத் தோன்றியது. எப்படி எழுதினாலும் அவர் ஐந்து மணிக்குத்தான் படிப்பார். நேரில் சொல்லலாமா? "பரவால்ல சார், மெதுவா ஓட்றேன்" என்பார். "பார்த்துப் போங்கள்" என்று நான் சொல்வேன். என்னால் அவ்வளவுதான் முடியும் என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை விட்டத்தைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

பூங்காவனம் கொண்டுவந்த தேநீர் ஆறிப்போயிற்று. மணி மூன்றைத் தாண்டியது.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருள் தேறவில்லை என்றால், அதைச் செய்தவரிடம் வாயால் சொல்வது கணக்கில் சேராது. சிவப்பு வண்ணத்தால் அதைச் சுற்றி ஒரு வளையம் போட வேண்டும். போட்டபின் அது கூண்டுக்குள் போய்ப் பூட்டப்படும். பார்வைக்கு நல்ல பொருளைப் போலவே இருக்கும் தேறாத பொருள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அவசரத்தில் எவராவது எடுத்துப் பொருத்திவிடுவார்கள். வளையம் போடும்போது நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. மேலாளரிடம்கூட. வாயில்தான் எனக்குத் தைரியம் கிடையாது, தூரிகையில் உண்டு.

சட்டைப்பையிலிருந்த புட்டியை எடுத்துத் திறந்தேன்.

"டேங்கு இந்தப் பக்கம் சார்" என்றார் கஜபதி.

நான் ஃபோர்க்கின் எதிரே மண்டியிட்டேன். உரிந்த உள்ளங்கையில் தூரிகை அழுந்தி எரிந்தது. இருந்தாலும், வளைவுக்கு மேலே குழாயைச் சுற்றி ஒரு வளையம் போட்டுவிட்டேன். டேங்கின் சிராய்ப்பை மறைக்க வாங்கிய வண்ணத்தில் பாதி தீர்ந்தது.

"கஜபதி, தயவுசெய்து இதைப் பிரித்துவிடுங்கள்."

"எத?"

"முன்சக்கரம், ஃபோர்க் குழாய்கள் இரண்டும். கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்."

"சார், சாமான் இல்லாம பிரிச்சா வண்டி நாளைக்கி நவுராது."

"ஆமாம். அதற்காகத்தான்."

அவர் வாயிலிருந்த பாக்கை ஓரத்துக்கு ஒதுக்கினார். "ஓனரு வந்து என் சட்டைய புடிப்பான் சார். கேக்காம கை வெக்கிறது எங்க தொழில்ல இல்ல."

"என் பெயர் திருவேங்கடம். குடியிருப்பில் கீழ்வீடு. நான் சொல்லித்தான் பிரித்தீர்கள் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கிறேன்." குறிப்பேட்டில் எழுதி, தேதியிட்டு, தாளைக் கிழித்து நீட்டினேன்.

கஜபதி தாளை வாங்கிப் படித்துவிட்டுப் பூங்காவனத்திடம் காட்டினார். "பாரு, தயவுசெய்துன்னு இதுலயும் எழுதிகீறாரு." பிறகு பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார்.

சக்கரம் கழன்றது. குழாய்கள் ஒவ்வொன்றாகக் கீழே உருவி வந்தன. எண்ணெய் தகரத் தட்டில் வடிந்தது. சிவப்பு வண்டி முன்பக்கம் ஒரு மரக்கட்டைமேல் தலைகுனிந்து நின்றது. என்ன செய்துவிட்டேன்? என்னிடம் நம்பிக் கொடுத்த வண்டி. ஒரு போல்ட்கூட இனி நான் நினைத்தாலும் திருப்பிப் போட முடியாது. போல்ட்டுகள் கிடந்த தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தேன்.

ஐந்து மணிக்கு லோகேஷுக்குச் செய்தி அனுப்பினேன். 'பட்டாபிராம் ஸ்டேஷன் திருப்பம், கஜபதி ஷெட்டுக்கு வரவும்.' இவ்வளவு குறைந்த சொற்களில் நான் யாருக்கும் எழுதியதில்லை.

ஐந்தே முக்காலுக்கு ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. லோகேஷ் மட்டும் வருவார் என்று எதிர்பார்த்தேன். பின்னாலேயே கார்த்திகா இறங்கினார்; இடுப்பில் குழந்தை, கையில் கோயிலுக்கு வாங்கிய மஞ்சளும் வேப்பிலையும் எட்டிப் பார்க்கும் பை.

லோகேஷ் வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் வண்டியை.

"இன்னா சார் இது? வண்டிய குட்த்தேன். பார்ட் பார்ட்டா கேட்டனா?"

"லோகேஷ், முதலில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். காலையில் விழுந்துவிட்டேன். கண்ணாடி, இன்டிகேட்டர், லீவர் உடைந்தன. மாற்றியாயிற்று. மதியம் நீங்கள் பேசியபோது மறைத்துவிட்டேன். அது தவறு."

"உழுந்தீங்களா? அது பரவால்ல சார், யாரு உழாதது. அதுக்கு இன்னாத்துக்கு வண்டிய உரிச்சி வெச்சிகீறீங்க? நாளைக்கி நான் எதுல போறது? யோவ், நீயாவது சொல்லக் கூடாது?"

கஜபதி சட்டைப்பையிலிருந்து என் தாளை எடுத்து மரியாதையாக நீட்டினார். "சாரு எழுதிக் குட்த்துகீறாரு. படிச்சுக்கோ நைனா."

பேசினால் பழி சொல்வதாகும். ஆகவே பேசாமல் தட்டிலிருந்த இடப்பக்கக் குழாயை எடுத்து, துடைத்து, பூங்காவனத்தின் கடையில் குவளைகள் வைக்கும் கடப்பைக் கல்லின்மேல் வைத்தேன்.

"அய்யய்யோ, டீ குடிக்கிற எடத்துல எண்ணெய் இரும்ப வெக்கிறியே சார்!"

"ஒரு நிமிடம் அம்மா. கழுவித் தந்துவிடுகிறேன்."

முதலில் வலப்பக்கக் குழாயை உருட்டினேன். சீராக உருண்டு மறுமுனைக்குப் போய் நின்றது. அடுத்து இடப்பக்கக் குழாய். அது தத்தித் தத்தி உருண்டது. ஒவ்வொரு சுற்றிலும் நடுப்பகுதி கல்லைவிட்டு எழும்ப, அடியில் மாலை வெளிச்சம் ஒரு கீற்றாகத் தெரிந்து மறைந்தது. லோகேஷ் ஃபிட்டர். அவருக்கு விளக்கத் தேவையில்லை. சிவப்பு வளையத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. எங்கள் பிரிவின் வளையம் எதற்கு என்று தொழிற்சாலையில் தெரியாதவர் இல்லை.

கார்த்திகா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இன்னா இது, துரு புட்ச்சிகீது? சார் இன்னிக்குத்தான உழுந்தாரு?"

கஜபதி திடீரென்று வேறொரு வண்டியின் செயினில் மிகுந்த அக்கறை காட்டினார்.

"வைகாசில மொழங்கைய சிராச்சிகினு வந்தியே," என்றார் கார்த்திகா, கணவரைப் பார்த்து, மெதுவாக. "மிஷின்ல இட்ச்சிகினேன்னு சொன்ன."

லோகேஷ் தரையைப் பார்த்தார். "நெமிலிச்சேரி பாலத்தாண்ட. மாடு குறுக்க வந்திச்சு. சொன்னா நீ வண்டிய தொடவே வுட மாட்ட."

"அப்புறம் மூணு மாசமா இந்த வண்டிலதான் புள்ளைய ஊசி போட இட்டும்போனோம்."

"லேசாதான் இழுத்துச்சு கார்த்தி. புட்ச்சி புட்ச்சி பழகிட்டேன். இழுக்குதுன்றதே மறந்துட்ச்சு."

"இவரு உழுந்தாரே, இவருக்கு யாரு பழக்கறது?"

என்னால் நிற்க முடியவில்லை. ஒரு கணவரை அவர் மனைவிக்கு முன்னால் குற்றவாளியாக நிறுத்தும் நோக்கம் எனக்குச் சத்தியமாக இல்லை. "அம்மா, என் தவறும் இருக்கிறது" என்றேன். "காலையில் வாயிலைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டேன்."

லோகேஷ் சட்டென்று நிமிர்ந்தார். "தெரிஞ்சும் ஓட்டினீங்களா? இன்ஸ்பெக்டரு நீங்க! ஒரு நூல் அளவு ஜாஸ்தி இருந்தா எங்க பீஸ தூக்கி மூஞ்சில போடுவீங்களே சார்!"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். அவர் குழாயைக் கையிலெடுத்தார். கட்டைவிரல் நகத்தை அந்தக் கோட்டில் வைத்து இழுத்தார். நகம் மாட்டியது. இன்னொரு முறை இழுத்தார். மறுபடியும் மாட்டியது. குழந்தை அதை வாங்கக் கையை நீட்டியது. அவர் குழாயைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"திங்கக்கெழம போட்டுடுவியா?" என்று கஜபதியிடம் கேட்டார்.

"சாமான் வந்தா மத்தியானத்துக்குள்ள."

"ரெண்டு பக்கமும் புச்சா போடு. ஹேண்டில் கோன்செட்டும் பார்த்துடு." குழாயை அவரிடம் நீட்டினார். நீட்டியவர் கையை இழுத்துக்கொண்டார். "இத உன்னாண்ட குட்த்தா, நிமித்தி வேற எவனுக்காவது போட்டுடுவியா?"

"சாரு அதான் செவப்பு பெயின்ட்ட பூசிட்டாரே. எவன் வாங்குவான்?"

"பெயின்ட்டு தின்னர் ஊத்தினா போய்டும். ரம்பத்த எட்த்துகினு வா."

குழாய் இரண்டு துண்டாகும்வரை லோகேஷே அறுத்தார். நாங்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தோம். ரம்பத்தின் ஓசைக்குக் குழந்தை சிரித்தது. நான் கடப்பைக் கல்லைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். "போதும் சார், கல்லு தேஞ்சிடும்" என்றார் பூங்காவனம்.

ஆவடிக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில் பின்னால் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. நான் ஓட்டுநர் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே வைத்து உட்கார்ந்தேன். லோகேஷ் இனி என்னோடு பழைய மாதிரிப் பேசுவாரா? படிக்கட்டில் எதிரே வந்தால் சிரிப்பாரா? கார்த்திகா வீட்டுக்குப் போய் என்ன கேட்பார்? மேல்வீட்டில் பாத்திரம் விழும் ஓசைகூட எங்களுக்குக் கேட்கும்.

குடியிருப்பு வாயிலில் இறங்கியதும் கார்த்திகா என்னைக் கூப்பிட்டார்.

"சார், பெரியபாளையத்துக்கு மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

"ஆடி மாதம் என்பதால் நான்கேகாலுக்கே இருக்கும் என்று நினைக்கிறேன். விசாரித்துச் சொல்கிறேன்."

"அப்ப மூணு மணிக்கு வந்து கதவ தட்டுங்க. இவரு அலாரத்த அமுக்கிட்டு தூங்குவாரு."

"கட்டாயம் தட்டுகிறேன் அம்மா. உங்களுக்குத் தொந்தரவாக இல்லாமல்…"

லோகேஷ் அதற்குள் மூன்று படி ஏறியிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க தட்ற மாதிரி தட்டினா எனக்குக் காதுல உழாது சார்," என்றார். "பலமா தட்டுங்க."